இடது கை ஹார்ன்

ஆர்.எஸ்.மங்கலம்
18.1.2024

அண்ணனுக்கு,

பூங்கோதை எழுதுகிறேன். அய்யா சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பொங்கலோடு கொஞ்சம் கூடியிருக்கிறது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் "எண்ணெய் காயுது, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். உன் முறுக்குக் கம்பெனியில் மட்டும் எப்போது பார்த்தாலும் எண்ணெய் காய்கிறது. இனி உன்னோடு போனில் பேசுவதாக இல்லை. காகிதத்தைப் பாதியில் கீழே வைத்தாலும் மிச்சம் அதிலேயே இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் ஹார்னைப் பூட்டிவிட்டார்கள். எட்டாம் வகுப்பில் பேண்டுக்கு ஆள் எடுத்தபோது எல்லாரும் டிரம்பெட்டுக்கும் டிரம்முக்கும் அடித்துக்கொண்டார்கள். யாரும் தொடாமல் கிடந்த பிரெஞ்சு ஹார்ன் எனக்கு வந்தது. காலேஜ் முடித்த பிறகும் சாயங்காலம் போய் ஊத விட்டார்கள். கல்யாண வாசிப்புக்கும் இரவல் தந்தார்கள். புதிதாக வந்த பெரிய டீச்சர், பழைய மாணவிக்கெல்லாம் பள்ளிக்கூடச் சாமான் கிடையாது என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

ஆவணியில் மகளிர் போலீஸ் பேண்டுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஹார்னுக்கு இரண்டு இடம். வாத்தியம் நாமே கொண்டுபோக வேண்டும். ஹார்ன் இல்லாவிட்டால் நான் அந்த வாசலைக்கூட மிதிக்க முடியாது.

நீ இருக்கிற மீரட்டில் பேண்டு வாத்தியம் செய்கிற தெருவே இருக்கிறதாம். நான் வாசிக்கப் போகிற பேண்டு செட்டின் முதலாளி, இராமநாதபுரம் இமானுவேல் அண்ணன் சொன்னார். எனக்கு வேண்டியது சிங்கிள் ஹார்ன், எஃப் சுருதி, மூன்று வால்வு. வால்வு இடது கை விரலில் அழுத்துவதாக இருக்க வேண்டும். டபுள் ஹார்ன் விலை நமக்கு ஆகாது. பழையது போதும், ஒடுக்கு விழுந்திருந்தாலும் பரவாயில்லை. வாசிப்பில் சேர்த்ததை அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன், உனக்கு அனுப்பிவிடும்.

முழுதாகப் படித்துவிட்டுப் பதில் எழுது.

உன் தங்கை,
பூங்கோதை


மீரட்
30.1.2024

அன்புத் தங்கச்சி பூங்கோதைக்கு அண்ணன் பாண்டீஸ்வரன் எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. முழுதாகவே படித்தேன், தாயே. இங்கே குளிர் எலும்பில் ஏறுகிறது. அடுப்படியில் நிற்கிற பிழைப்பு என்பதால் உயிரோடு இருக்கிறேன். அம்மாவை அறுப்புக்குப் போகவிடாதே.

நீ சொன்ன தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். கடைக்குக் கடை பித்தளையாகத் தொங்குகிறது. எது உன் ஹார்ன், எது தண்ணீர்க் குழாய் என்று எனக்கு விளங்கவில்லை. டபுள் என்றால் ஒன்றுக்கு இரண்டாகக் கிடைக்கும் என்று நினைத்தேன், விலையைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன். அதென்ன இடது கை? நீ சோற்றாங்கைக்காரிதானே? வலது கையில் வாசிக்கிற மாதிரி ஒன்று கிடைத்தால் ஆகாதா?

திருவாடானைப் பக்கமிருந்து வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போனார்களே, மாப்பிள்ளை தங்கப்பாண்டி வீட்டார், அவர்களுக்குப் பிடித்திருக்கிறதாம். நல்ல இடம். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக டிராக்டர் இருக்கிறது. உன் மனசில் என்ன இருக்கிறது என்று அம்மா கேட்டுப் பார்த்தும் நீ வாயைத் திறக்கவில்லையாம். எனக்காவது எழுது.

அய்யாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
பாண்டி


ஆர்.எஸ்.மங்கலம்
11.2.2024

அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். கண்மாய்த் தண்ணீர் குறைந்துகொண்டு வருகிறது, அறுப்பு ஆரம்பித்துவிட்டது. அம்மா கேட்காமல் அறுப்புக்குப் போகிறது.

இடது கை எதற்கு என்று கேட்டாய். ஹார்னின் அகன்ற வாய்க்குள் வலது கை போகும். உள்ளே கையை மூடியும் திறந்தும் சத்தத்தைப் பதப்படுத்த வேண்டும். ஆகவே வால்வுக்கு இடது கை. ஊர் உலகத்தில் எல்லா ஹார்னும் இப்படித்தான். நானாக வீம்புக்கு மாற்றிப் பழகவில்லை.

கடையில் இன்னொன்று காட்டுவான். மெல்லோஃபோன் என்று பேர். அதுவும் வட்டமாகத்தான் இருக்கும், மூன்று வால்வும் இருக்கும். ஆனால் அது வலது கைக்கு. குழாய் நீளம் பாதிதான், சத்தம் வேறு. அதைத் தூக்கிக்கொண்டு போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதைத் தொடாதே.

பார்க்க வேண்டியது இது. வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை, அந்த வளைந்த குழாயை, பாதி உருவி அப்படியே பிடி. பிறகு வால்வை அழுத்து. டப்பென்று சத்தம் வந்தால் காற்று ஒழுகவில்லை என்று அர்த்தம். சத்தமே வராவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடு.

திருவாடானைக்காரர்களுக்கு என் பதிலைக் கேட்டாய். ஆவணி முடியட்டும். பிறகு பேசலாம்.

பூங்கோதை


மீரட்
10.3.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

வாத்தியம் வாங்கியாயிற்று. கண்ணாடி மாதிரி மின்னுகிறது. கடைக்காரர் நல்ல மாதிரி. பஞ்சு வைத்துக் கட்டி பார்சலில் போட்டிருக்கிறேன், இராமநாதபுரத்தில் போய் எடுத்துக்கொள். இங்கே ஹோலிக்குச் சரக்கு போட்டு மாளவில்லை, அதனால் அதிகம் எழுத முடியவில்லை.

தங்கப்பாண்டி வீட்டாரிடம் பேசினேன். நல்லவிதமாகப் பேசியிருக்கிறேன். நீ ஒன்றும் கவலைப்படாதே.

அம்மாவிடம் தைலம் தேய்க்கச் சொல்.

பாண்டி


ஆர்.எஸ்.மங்கலம்
27.3.2024

அண்ணனுக்கு,

சுகமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

பெட்டியை இமானுவேல் அண்ணன் கொட்டகையில் வைத்துத்தான் பிரித்தேன். செட்டு ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். பஞ்சை விலக்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மெல்லோஃபோன். வலது கை. நான் சொந்தமாக வைத்திருக்கிற ஹார்ன் ஊதுவாயை வைத்துப் பார்த்தேன், பொருந்தாமல் ஆடியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று ஒருத்தன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன்.

கடைக்காரன் உன்னை ஏமாற்றியிருப்பான் என்றுதான் முதலில் நினைத்தேன். உனக்காக அவன் மேல் கோபப்பட்டேன். பெட்டியோடு வந்த பில்லில் கடை நம்பர் இருந்தது. இமானுவேல் அண்ணன் பம்பாயில் இருந்தவர், இந்தி தெரியும். அவரை விட்டுப் பேசச் சொன்னேன். கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? எஃப் சிங்கிள் ஹார்ன் ஒன்றை உன் கையிலேயே கொடுத்தாராம். பழையது, ஒடுக்கு விழுந்தது, ஆனால் நல்ல ஹார்ன். அதுவும் இதே விலைதானாம். நீதான் "வலது கைக்கு எது?" என்று கேட்டு இதை எடுத்தாயாம்.

நான் கேட்டது உன் கையில் இருந்திருக்கிறது. தொடாதே என்று எழுதியதைத் தொட்டு வாங்கியிருக்கிறாய். ஏன்?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

பூங்கோதை


மீரட்
24.4.2024

தங்கச்சிக்கு,

நலம்தானே? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அடுப்புக்கு முன்னால் நிற்க முடியவில்லை. நம் ஊர் வெயிலாவது கடல் காற்றோடு வரும். கூட வேலை பார்த்த ராக்கு மகன் ஊருக்குப் போய்விட்டான், அவன் வேலையும் என் தலையில். அதனால்தான் பதில் தாமதம்.

கடைக்காரன் ஆயிரம் சொல்வான். அவன் இந்தியும் என் இந்தியும் ஒன்றா? விற்ற சாமானைத் திருப்பி வாங்க மாட்டான். ஊதினால் சத்தம் வருகிறதல்லவா, அதிலேயே பழகிப் பார். பழகப் பழகச் சரியாகிவிடும்.

அம்மாவுக்குத் தைலம் இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். வந்ததா?

பாண்டி


ஆர்.எஸ்.மங்கலம்
6.5.2024

அண்ணன் என்று எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

தைலம் வந்தது. அம்மா காலில் நான்தான் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போது அம்மா தானாகவே சொல்லிவிட்டது.

போன வருஷம் மங்கலம் முளைப்பாரிக்கு நான் வாசித்ததை யாரோ போனில் எடுத்து, அது திருவாடானை வரைக்கும் போயிருக்கிறது. தங்கப்பாண்டியின் பெரியத்தை இருளம்மாள் அதைப் பார்த்துவிட்டு உனக்குப் போன் போட்டிருக்கிறார். "பொண்ணு லெச்சணமாத்தான் இருக்கு. ஆனா மங்கல காரியத்துல நொட்டாங்கையை முன்னால நீட்டிக்கிட்டு நிக்கிறாளேப்பா. அதை மட்டும் மாத்தச் சொல்லு, மத்தபடி எங்களுக்குச் சம்மதம்." இதுதான் அவர் சொன்னது. நீ என்ன சொன்னாய்? "அதுக்கென்னத்தே, கை மாத்திருவா."

என் கை உனக்கு எப்போது சொந்தமாயிற்று?

அந்த அம்மாளுக்கு ஒன்று சொல். நடவு நடும்போது நாற்றுக்கட்டை எந்தக் கையில் பிடிக்கிறார்கள்? இடது கையில். அறுக்கும்போது கதிரை எந்தக் கை சேர்த்துப் பிடிக்கிறது? அதே இடது கை. நம் அம்மா இடது கையில் பிடித்து நட்ட நெல்லைத்தான் அவர் வலது கையில் பிசைந்து சாப்பிடுகிறார். அப்போது வராத தீட்டு என் ஹார்னில் வந்துவிட்டதா?

அவர்கள் ஏதோ பேசிவிட்டுப் போகட்டும், எனக்கு அவர்கள் யாரோ. உனக்கு நான் பக்கம் பக்கமாக விளக்கி எழுதினேன். வலது கை உள்ளே போக வேண்டும் என்று எழுதினேன். இது போனால் என் வேலை போகும் என்று உனக்குத் தெரியும். தெரிந்தே செய்தாய்.

பூங்கோதை


மீரட்
20.5.2024

பூங்கோதைக்கு,

ஆமாம், நான்தான் மாற்றி வாங்கினேன். தெரிந்துதான் வாங்கினேன். போதுமா?

நீ மட்டும்தான் கோபப்பட வேண்டுமா? மீசை முளைக்கும் முன்னால் இங்கே வந்தவன் நான். எண்ணெய் தெறித்து என் முழங்கை எப்படி இருக்கிறது என்று நீ பார்த்ததில்லை. உனக்கு முடித்த பிறகுதான் எனக்கு என்று இருக்கிறேன். இதற்கு முன்னால் வந்த இரண்டு வீட்டார் என்ன சொன்னார்கள் என்று அம்மா உன்னிடம் சொன்னதா? "பேண்டு செட்டோட போற பிள்ளையாமே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள். தங்கப்பாண்டி வீட்டார் அப்படிச் சொல்லவில்லை. வாசிக்கட்டும் என்றார்கள். கை ஒன்றைத்தான் சொன்னார்கள்.

இரண்டையும் பார்த்தேன். இதுவும் வட்டம், அதுவும் வட்டம். இதிலும் மூன்று வால்வு, அதிலும் மூன்று. கை மாறினால் உனக்குக் கல்யாணமும் ஆச்சு, ஹார்னும் ஆச்சு என்று நினைத்தேன். அந்த வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகிறது? உன்னைக் கெடுக்க நினைத்தேன் என்று மட்டும் எழுதாதே, என்னால் தாங்க முடியாது.

ஆவணி பத்தாம் தேதி நிச்சயம் என்று பேசி முடித்தாயிற்று. வாக்குக் கொடுத்துவிட்டேன். அய்யாவின் மரியாதையைக் காப்பாற்று.

பாண்டி


மீரட் ரயில் நிலையம்
21.6.2024

அண்ணனுக்கு,

மேலே எழுதியிருக்கிற ஊரைத் திரும்பப் படிக்காதே. சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஆவணி பத்துக்கு முந்தின நாள்தான் சென்னையில் எனக்குத் தேர்வு. நீ குறித்த நாளைப் பார்த்ததும் இனி உன்னிடம் எழுதிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. மெல்லோஃபோனை இமானுவேல் அண்ணன் செட்டுக்கே விற்றுவிட்டேன். டிக்கெட் போட்டது அம்மா. "போயிட்டு வா. அய்யாட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தது. சென்னை வரைக்கும் பயமாக இருந்தது. அதற்கப்புறம் கோபம்தான் துணைக்கு வந்தது.

உன் பில்லைக் காட்டி வழி கேட்டு அதே கடைக்குப் போனேன். எனக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. முதலில் புதிதாக ஒன்று எடுத்துக் கொடுத்தார். பார்க்க அழகு. வால்வை அழுத்தினால் பழைய தையல் மிஷின் மாதிரி கடகடத்தது. இன்னொன்றில் ஸ்லைடு இறுகி உருவ வரவில்லை. மூன்றாவதை ஊதினேன், கீழ் ஸ்வரம் நன்றாக வந்தது, மேலே போகப் போகக் கரகரத்தது. அவருக்கு அலுத்துவிட்டது. அப்புறம் ஆணியில் தொங்கிய ஒன்றைக் காட்டி, "தும்ஹாரா பாய்" என்று சொல்லிவிட்டு, உன் அண்ணன் வேண்டாம் என்று விட்டது என்பதுபோல் தலையை ஆட்டினார். உன் கையில் கொடுத்தேன் என்று சொன்ன அந்த ஹார்ன். மெருகு போய்க் கறுத்திருந்தது, வாயோரம் ஒரு ஒடுக்கு. ஸ்லைடை உருவி நிறுத்தி வால்வை அழுத்தினேன். மூன்று வால்விலும் டப்பென்று கேட்டது. வால்வில் கட்டுகிற கயிறு மட்டும் இற்றிருந்தது. அதற்குத் தேவிபட்டினத்தில் மஹ்மூது பாய் கடைத் தூண்டில் நரம்பைப் பையிலேயே கொண்டுவந்திருந்தேன். அங்கேயே உட்கார்ந்து கட்டினேன். பிறகு வலது கையை உள்ளே விட்டு ஊதினேன். எதிர்க்கடைக்காரர்கூட எழுந்து வந்து நின்றார்.

வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகிறது என்று எழுதினாயே. ஊதுகிறவளுக்குத் தெரியும்.

உன் கம்பெனி வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். ஓமமும் எள்ளும் வறுபடுகிற வாசம் வந்தது. உள்ளே வரவில்லை. வந்தால் நீ டீ வாங்கிக் கொடுப்பாய், உன் முழங்கையைப் பார்ப்பேன், அழுதுவிட்டு நிச்சயத்துக்குத் தலையாட்டிவிடுவேன். வண்டி வருகிறது. இங்கேயே தபாலில் போடுகிறேன்.

பூங்கோதை


மீரட்
8.7.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். அன்றைக்கென்று பார்த்து டில்லிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். நான் இருந்திருந்தால் விடுவேனா? ஓடி வந்திருப்பேனே. ஒரு வார்த்தை முன்னாலேயே எழுதியிருக்கக் கூடாதா? தனியாக ஒரு பொம்பளைப் பிள்ளை இத்தனை தூரம் வந்து, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் திரும்பினாய் என்றால் ஊர் என்னைத்தான் பேசும்.

சாப்பிட்டாயா, ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா, எதுவும் எழுதவில்லை. நிச்சயத்தைத் தள்ளிப் போட முடியுமா என்று அவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன். நல்லபடியாக வாசி.

அன்புடன்,
பாண்டி


ஆர்.எஸ்.மங்கலம்
16.9.2024

அண்ணனுக்கு,

அம்மா சுகம். அய்யாவும் சுகம். எனக்கு இடம் கிடைத்துவிட்டது. ஹார்னில் முதல் பெயர் என்னுடையது. வருகிற வாரம் பயிற்சிக்குப் போகிறேன்.

நீ தள்ளிப்போடக் கேட்டாயோ இல்லையோ, தங்கப்பாண்டிக்கு நானே போன் போட்டேன். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். "அத்தை சொல்றதுதாங்க" என்றார். சரிங்க, அப்போ நிச்சயம் வேண்டாங்க என்று வைத்துவிட்டேன். அய்யா சில நாள் என்னோடு பேசவில்லை. தேர்வுக்குக் கிளம்பின அன்று மட்டும் ஹார்ன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தார். "நொட்டாங்கையோ சோத்தாங்கையோ, ஒழுங்கா ஊதுத்தா" என்றார்.

உன் கடைசிக் கடிதத்துக்கு ரெண்டு மாசமாகப் பதில் எழுதவில்லை. நாலு தடவை எழுத ஆரம்பித்துப் பாதியில் மடித்து வைத்துவிட்டேன்.

நீ டில்லிக்குப் போகவில்லை. நான் வாசலில் நின்றபோது மாடி ஜன்னலில் மாவு அப்பின பனியனோடு நின்றது நீ. நான் நிமிர்ந்து பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய், என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாய். பிறகு உள்ளே நகர்ந்துகொண்டாய். நீ இறங்கி வருவாய் என்றுதான் நான் அங்கே நின்றேன். படியில் யாரோ இறங்குகிற சத்தம் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வந்தது வேறொரு ஆள். அதற்கப்புறம்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். நானாகத்தான் உள்ளே வரவில்லை என்று எழுதினது உன் மானத்தைக் காப்பாற்ற. நீயே சொல்லட்டும் என்று விட்டேன். நீ டில்லி என்கிறாய்.

மாற்றி வாங்கியதற்கு உன்னிடம் ஒரு காரணம் இருந்தது. தப்பான காரணம், ஆனால் என்னை நினைத்துச் செய்தாய் என்று என்றைக்காவது மனசை ஆற்றிக்கொள்வேன். ஜன்னலை விட்டு நகர்ந்தாயே, அதை என்ன சொல்லி ஆற்றுவது?

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. நீ ஊரில் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

பயிற்சி முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எழுதுவதானால் எழுது. வெயில், குளிர், தைலம் என்று ஆரம்பித்தால் அந்த வரியோடு கிழித்துப் போட்டுவிடுவேன். ஜன்னலில் நின்றது நான்தான் என்று முதல் வரியில் எழுது. சுகமா என்று இரண்டாவது வரியில் கேள். சொல்கிறேன்.

உன் தங்கை,
பூங்கோதை